குவார்ட்டர்ஸ் காலி செய்த எலும்பு

டாக்டர் சங்கரலிங்கம் காலமானார் என்ற செய்தி எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதற்கு மேலே, தண்ணீர்த் தொட்டி கழுவுவதால் காலையில் குழாயில் தண்ணீர் வராது என்ற அறிவிப்பு. கீழே, செய்தியைப் படிக்காமலே யாரோ ஒருவர் உயர்த்திய கட்டைவிரல். அந்தக் கட்டைவிரலை அவர் பார்த்திருந்தால் கோபப்பட்டிருக்க மாட்டார். "விரலுக்குப் போற நரம்பு நல்லா இருக்கு. மூளைக்குப் போறதைத்தான் பாக்கணும்" என்றிருப்பார்.

நான் உடனே நம்பவில்லை. அந்தக் குழுவில் ஏற்கெனவே இரண்டு பேர் இறந்து, மறுநாள் தாங்களே மறுப்பு வெளியிட்டிருக்கிறார்கள். தவிர, "ஒரு படம் வதந்தி, ரெண்டு படம்தான் செய்தி" என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவரின் மரணத்தை ஒரே ஒரு குறுஞ்செய்தியை வைத்து ஒப்புக்கொள்வது அவருக்குச் செய்யும் அவமரியாதை. அவர் மனைவி சிவகாமி அம்மாளைக் கூப்பிட்டேன்.

"ஆமாம்மா, அவுக போயிட்டாக. பேப்பர் படிச்சுக்கிட்டே இருந்தாக, அப்படியே சாஞ்சிட்டாக" என்றார். பிறகு அவரே, "போன் போட்டு நெசந்தானான்னு கேட்டது நீங்க ஒருத்தர்தான். மத்தவங்கல்லாம் கை கூப்புத படத்தைப் போட்டுட்டு வேலையப் பாக்கப் போயிட்டாக" என்றார். அழுகைக்கு நடுவிலும் அதில் கொஞ்சம் திருப்தி இருந்ததுபோல எனக்குப் பட்டது.

மயூர் விஹாரில் இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைப் பொங்கல் விழாவில் உறியடிக்கு நடுவே புகுந்து, விழுந்த பையனின் கையைப் பிடித்து அமுக்கிப் பார்க்கும் மனிதராகத் தெரிந்திருக்கும். எனக்கு அவரை வேலையிடத்தில் தெரியும். அவர் எலும்பு மருத்துவர். அதிலும் கை, அதிலும் மணிக்கட்டு. நான் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து முடிவு எழுதும் மருத்துவர். ஒரே அரசு மருத்துவமனை. என் வேலை என் சுபாவத்துக்குப் பொருத்தமானது. இருட்டறை, நோயாளி எதிரே வருவதில்லை, எதையும் ஒரேயடியாக அடித்துச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

அந்த அறைக்குள் அவர் முதல்முறை வந்தபோது செய்த முதல் காரியம், விளக்கைப் போட்டது. படம் பார்க்கும் அறையில் யாரும் விளக்கைப் போட மாட்டார்கள். ஓடும் ரயிலில் சங்கிலியை இழுப்பதற்குச் சமம் அது.

"'எலும்புகளின் நிலையில் மாற்றம் தெளிவாகத் தெரியவில்லை. நோயாளியைப் பரிசோதித்து ஒப்பிட்டுப் பார்க்கவும்.' யாரும்மா இதை எழுதினது?"

"நான்தான் சார்."

"ஒப்பிட்டுப் பாத்தேன். அந்த ஆளு 'ஐயோ'ங்கான். நீங்க 'தெரியவில்லை'ங்கிய. ரெண்டையும் எப்படி ஒப்பிட?"

"பக்கவாட்டுப் படமும் எடுத்து அனுப்பியிருந்தால் தெரிந்திருக்கும் சார். உங்கள் சீட்டில் நேர்ப்படம் மட்டும்தான் கேட்டிருந்தது."

கையிலிருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தார். அவருடைய உதவி மருத்துவர் ஒரு படம்தான் கேட்டிருந்தார். சங்கரலிங்கம் சார் அதற்காக வருத்தமெல்லாம் தெரிவிக்கவில்லை. "சரிதான். ஒரு படம் வதந்தி. ரெண்டு படம்தான் செய்தி" என்றார். அடுத்த வாரத்திலிருந்து அதை எலும்புப் பிரிவு முழுவதும் அவருடைய பொன்மொழியாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். வாக்கியம் அவருடையது; கருத்து என்னுடையது. இதை இப்போது சொல்ல எனக்குக் கூச்சமில்லை, ஏனென்றால் உயிரோடு இருந்தபோதும் நேரிலேயே பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்று போகும்போது விளக்கை அணைக்காமல் போனார். நான்தான் எழுந்து அணைத்தேன். பிறகு எத்தனையோ வருடங்கள் அவர் போட்டுவிட்டுப் போனார், நான் அணைத்தேன். எங்கள் நட்பு என்று சொல்ல வேண்டுமானால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

அவருடைய புகழ்பெற்ற வகைப்பாட்டை விளக்க வேண்டும். அதற்கு மணிக்கட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அங்கே எட்டுச் சின்ன எலும்புகள், நாலு நாலாக இரண்டு வரிசை. கீழ் வரிசையின் நடுவில் இருப்பது பிறை எலும்பு. ஸ்கூட்டரிலிருந்தோ மாடியிலிருந்தோ விழுகிறவர்கள் கையை ஊன்றும்போது, இந்தப் பிறையை அண்டை எலும்புகளோடு பிணைத்திருக்கும் கட்டுகள் ஒரு பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக அறுந்துகொண்டு போகும். எதுவரை அறுந்தது என்பதைப் பொறுத்து நான்கு படிகளாகப் பாடப்புத்தகம் பிரிக்கிறது. படிக்கும்போது புரியும், புத்தகத்தை மூடியதும் இரண்டாவதும் மூன்றாவதும் இடம் மாறிக்கொள்ளும்.

டெல்லியில் மத்திய அரசு ஊழியர் வீட்டில் பிறக்கும் குழந்தை அம்மா, அப்பாவுக்கு அடுத்து கற்றுக்கொள்ளும் சொல் 'டைப்'. டைப் டூ குவார்ட்டர்ஸ், டைப் த்ரீ குவார்ட்டர்ஸ். யாரோடு விளையாடலாம், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு அப்பா கோட்டுப் போட வேண்டும் என்பதெல்லாம் அதை வைத்துத்தான். சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் பணிக்காலத்தைக் கழித்த சங்கரலிங்கம் சார், மணிக்கட்டையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார். மருத்துவமனைத் தேநீர்க் கடையில் நின்றுகொண்டு அவர் நடத்தும் பாடத்தைத் தமிழ் தெரியாதவர்களுக்காக இந்தியிலும், எனக்காகத் தமிழிலும் கேட்டிருக்கிறேன்.

"ரெண்டு மாடிக் கட்டடம். மாடிக்கு நாலு வீடு. கீழே நடுவுல குடியிருக்கவர் நம்ம பிறை சார். சாதுவான ஆளு. டைப் ஒன்: பிறை சாருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பேச்சுவார்த்தை நின்னு போச்சு, நடுவுல இடைவெளி. டைப் டூ: நேர் மேல இருக்க மாடி வீட்டுக்காரர் பின்பக்கமா எறங்கிப் போயிட்டாரு. டைப் த்ரீ: இன்னொரு பக்கத்து வீடும் ஒறவை வெட்டியாச்சு. காலனியே பின்னால போயிட்டு, பிறை சார் மட்டும் தன் வீட்டுல தனியா உக்காந்திருக்காரு. டைப் ஃபோர்: காலனி திரும்பி வந்து பழைய எடத்தைப் பிடிச்சிட்டு. பிறை சாரை முன்வாசல் வழியா தெருவுல தள்ளியாச்சு."

தெரு என்பது உள்ளங்கைப் பக்கம். அந்தத் தெருவில்தான் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றுக்கும் உணர்ச்சி கொடுக்கும் நரம்பு போகிறது. தள்ளப்பட்ட பிறை அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும். விரல்கள் மரத்துப் போகும். சீக்கிரம் எழுப்பி வீட்டுக்கு அனுப்பாவிட்டால், மரத்தது மரத்ததுதான். இவ்வளவு நடந்தும் வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரிவது ஒரு வீங்கிய கை மட்டுமே. சுளுக்கு என்று கட்டுப் போட்டு அனுப்பிவிடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நேர்ப்படத்தில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, மாலை நேர மெட்ரோ மாதிரி இருக்கும்; யார் யார் காலை மிதிக்கிறார்கள் என்று தெரியாது. பக்கவாட்டில் பார்த்தால்தான் பிறை வீட்டில் இருக்கிறதா, தெருவில் இருக்கிறதா என்பது விளங்கும்.

இந்த உவமையில் ஒரு பிழை இருப்பதாக நான் அவரிடம் சொன்னேன். அரசாங்கத்தில் டைப் எண் ஏற ஏறக் கௌரவம்; மணிக்கட்டில் ஏற ஏறக் கேடு.

"நீங்க டைப் ஃபைவ்ல குடியிருந்திருக்கியளா டாக்டரம்மா?"

"இல்லை சார்."

"அதான். ரெண்டுலயும் நம்பர் ஏற ஏற, பக்கத்து வீட்டுக்காரன் மொகத்தையே பாக்க முடியாது."

பெரிய வீட்டுக்குத் தகுதி வந்த பிறகும் அவர் சின்ன வீட்டை விட்டு மாறாததற்குக் காரணம் அதுதானோ என்னவோ. சிவகாமி அம்மாள் வேறு காரணம் சொல்வார்: "சாமான் கட்டச் சோம்பல்."

அவருடைய மேசை இழுப்பறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே ஒரு சாவி, ஒரு திருகாணி, அழிப்பான், கோலிக்குண்டு, சட்டைப் பொத்தான், கொஞ்சம் ஏலக்காய். மணிக்கட்டு வீங்கி வருகிற எவரையும் அவர் முதலில் கண்ணை மூடிக் கையை நீட்டச் சொல்வார். ஒவ்வொரு பொருளாக விரல்நுனியில் வைத்து, இது என்ன என்று கேட்பார். பதில் தப்பினால் நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம். அதன் பிறகுதான் படம். வந்தவர்கள் பாதிப் பேர் இதை ஏதோ மாயவித்தை என்று நினைத்தார்கள். ஹரியானாப் பக்கத்து விவசாயி ஒருவர், கையில் ஏலக்காய் வைக்கப்பட்டதும் பதில் சொல்லாமல் அதை வாயில் போட்டு மென்றுவிட்டு, "அச்சா ஹை", நன்றாக இருக்கிறது, என்றார். "நரம்பு பிரமாதம்" என்று எழுதி அனுப்பினார் சங்கரலிங்கம் சார்.

இனி, அந்த நாள்.

பணி ஓய்வுக்குப் பிறகு அரசு வீட்டில் இருக்க அனுமதிக்கும் காலம் என்று ஒன்று உண்டு. அதன் கடைசி நாள்வரை அவர் காலி செய்யவில்லை. மயூர் விஹாரில், நான் இருக்கும் இதே குடியிருப்பில், எப்போதோ வாங்கிப் போட்ட வீடு தயாராக இருந்தது. பக்கத்திலேயே ஒரு தர்ம மருத்துவமனையில் வாரம் சில நாள் அறுவை சிகிச்சை செய்யவும் பேசி வைத்திருந்தார். வேறு பொழுதுபோக்கு அவருக்குக் கிடையாது. சங்கீதம் தூக்கம் வரவழைக்கும், அரசியல் தூக்கத்தைக் கெடுக்கும் என்பார். ஓய்வுக்காலத் திட்டம் முழுவதும் அந்த வலது கையில்தான் இருந்தது.

லாரியில் சாமான் ஏறிவிட்டது. வாசலில் அவருடைய பெயர்ப்பலகை மட்டும் பாக்கி. "விடுங்க, அங்க போயி புதுசா அடிச்சுக்கிடலாம்" என்று சிவகாமி அம்மாள் சொல்லியிருக்கிறார். அவர் கேட்கவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி, துருப்பிடித்த திருகாணிகளோடு மல்லுக்கட்டி, பலகை கையோடு வர, அவர் பலகையோடு வந்தார். இடது கை பலகையை மார்போடு அணைத்திருக்க, வலது கையை ஊன்றி விழுந்தார்.

அவரை என் அறைக்கு இழுத்துக்கொண்டு வந்தது சிவகாமி அம்மாள்தான். வந்ததும் சார் இடது கையால் விளக்கைப் போட்டார்.

"பலகைக்கு ஒரு கீறல்கூட இல்லை, தெரியுமா?" என்றார் என்னிடம், முதல் வார்த்தையாக.

"கை?"

"கை சுளுக்கு. இவ நம்பமாட்டேங்கா. ஒரு படம் எடுத்துக் காமிச்சிருங்க, போயிருதோம்."

நேர்ப்படம் எடுக்கப்பட்டது. நான் உட்காருவதற்குள் அவரே திரையில் பார்த்து, "ஒண்ணுமில்ல. சுளுக்கு" என்று தீர்ப்பும் கொடுத்துவிட்டார்.

நான் பார்த்தேன். பிறை எலும்பு நேர்ப்படத்தில் நாற்கோணமாகத் தெரிய வேண்டும். இது முக்கோணமாகத் தெரிந்தது. வரிசைகளின் ஓரமாக மனதில் ஒரு வளைகோடு போட்டால் அது தடையில்லாமல் ஓட வேண்டும். இதில் கோடு நடுவில் தடுக்கி விழுந்தது.

"சார், பிறை முக்கோணமாக இருக்கிறது. பக்கவாட்டுப் படம் வேண்டும்."

"நீங்க பாக்குற பார்வை முக்கோணம்."

"விரல் மரத்திருக்கிறதா?"

"வீக்கத்துல எல்லாருக்கும் மரக்கும்."

அதற்குள் அவர் போன் அடித்தது. லாரிக்காரர். ஒலிபெருக்கியில் போட்டதுபோல அறை முழுக்கக் கேட்டது. "டாக்டர் சாப், ஜல்தி கீஜியே! நோ என்ட்ரி லக் ஜாயேகா!" டெல்லியில் லாரிகள் நகருக்குள் ஓடத் தடை நேரம் உண்டு, மாட்டிக்கொண்டால் சாமான் அன்று முழுவதும் சாலையோரத்தில் நிற்கும். அவர் எழுந்தார். பல்லாலும் இடது கையாலும் தானே கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டார். உலகத்தில் யாருக்கு அடிபட்டாலும் இரண்டு படம் கேட்ட மனிதர், தன் கைக்கு ஒரு படத்தோடு கிளம்பிப் போனார். இந்தத் தவறை ஒரு மருத்துவரால் மட்டுமே செய்ய முடியும். மற்றவர்களுக்குத் தங்கள் எலும்பின் மேல் இவ்வளவு அதிகாரம் கிடையாது.

நான் யார் வீட்டுக்கும் சொல்லாமல் போகிறவள் இல்லை. சொல்லிவிட்டும் போகிறவள் இல்லை. ஆனால் அந்த முக்கோணம் கண்ணை விட்டுப் போகவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, சரோஜினி நகரில் மெட்ரோ ஏறினேன். பிங்க் லைன் நேராக மயூர் விஹாருக்குப் போகிறது. லாரி அப்படிப் போவதில்லை. அது வந்து சேர்ந்தபோது நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

லாரியின் முன்னிருக்கையிலிருந்து பலகையை அணைத்தபடி இறங்கியவர் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"நீங்க எப்படி இங்க?"

"நான் இங்கேதான் குடியிருக்கிறேன் சார். கண்ணை மூடிக் கையை நீட்டுங்கள்."

"என் வித்தைய எனக்கே காட்டுதியளா?"

"ஆமாம்."

மறுத்தால் பயந்ததாக ஆகிவிடும் என்பதால் சம்மதித்தார். நடைபாதையில் மெத்தைச் சுருள்களுக்கு நடுவே, ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்தார். "அவுக ஓரக்கண்ணால பாப்பாக" என்று சிவகாமி அம்மாள் பின்னால் நின்று இரண்டு கைகளாலும் அவர் கண்ணைப் பொத்தினார். சுமை தூக்குகிறவர்கள் பீரோவை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

பெயர்ப்பலகையின் திருகாணி ஒன்றை அவர் விரல்களில் வைத்தேன்.

"சாவி" என்றார்.

எடுத்துவிட்டேன். அதன்பின் எதையும் வைக்கவில்லை. சும்மா நின்றேன். அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வலியோடு லேசாக உரசிப் பார்த்தார். தலையைச் சாய்த்து யோசித்தார். நோயாளிகளிடம் அவர் எதிர்பார்த்த கவனம் முழுவதும் அவர் முகத்தில் இருந்தது.

"இதுவும் சாவிதான். கொஞ்சம் சின்னது. புது வீட்டுச் சாவி."

லாரிக்காரர் சிரித்துவிட்டார். "கௌன்சி சாபி, சாப்? ஹாத் தோ காலி ஹை!"

சிவகாமி அம்மாள் கண்ணிலிருந்து கைகளை எடுத்தார். "கையில ஒண்ணுமே இல்லங்க" என்றார் மெதுவாக.

அவர் தன் வெறும் கையைப் பார்த்தார். அந்தக் கையை வைத்துத்தான் மிச்சக் காலத்தை ஓட்ட நினைத்திருந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, வேறு யாரோ ஒரு நோயாளியைப் பற்றிப் பேசும் குரலில் சொன்னார்: "எப்போலேருந்து மரத்திருக்குன்னு கேளுங்க."

"எப்போதிலிருந்து சார்?"

"விழுந்ததுலேருந்து" என்றார் நோயாளி.

மருத்துவமனைக்குத் திரும்பும் வழியில் டாக்சியில் ஒரே ஒரு முறை வாயைத் திறந்தார். "நானும் ஒரு படம் பாத்துட்டுத்தானே சொன்னேன்?"

"வதந்தியைப் பார்த்தீர்கள் சார்."

பக்கவாட்டுப் படத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. பிறை எலும்பு கவிழ்ந்து முன்பக்கமாக வெளியே வந்திருந்தது. அவர் வெகுநேரம் பார்த்தார். நான் ஆறுதலாக ஏதாவது சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது வராது.

"நானும் என் எலும்பும் ஒரே நாள்ல குவார்ட்டர்ஸ் காலி பண்ணிட்டோம்" என்றார். உடனே, "டைப் த்ரீ" என்றார்.

"டைப் ஃபோர் சார். தெருவுக்கு வந்துவிட்டது."

"எங்க வந்துச்சு? வாசப்படியில நிக்கி. ஓரம் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு பாருங்க."

"வாசற்படி தெருவில் சேர்த்தி."

"எந்த ஊர்ல?"

அறுவை சிகிச்சை செய்ய வந்த டாக்டர் தஹியா, ஒரு காலத்தில் அவருடைய உதவியாளராக இருந்தவர், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சர், இலாஜ் தோ தோனோ கா ஏக் ஹி ஹை" என்றார். மூன்றானாலும் நான்கானாலும் வைத்தியம் ஒன்றுதான்.

"அதனாலதான் நிம்மதியா சண்டை போடலாம்" என்றார் சங்கரலிங்கம் சார்.

தோளிலிருந்து கையை மரக்க வைத்து, விரல்களை மேலே கட்டித் தொங்கவிட்டு, கீழே எடை மாட்டி இழுத்தார்கள். இழுபட்டு வழி விட்டதும் பிறையைக் கட்டைவிரலால் உள்ளே தள்ள வேண்டும். படுத்திருந்தபடியே அவர் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். "தீரே தபாவ். இன்னும் கீழே. அரே, தீரே!" மெதுவாக அமுக்கச் சொல்கிறார்.

"சர், ஆப் மரீஸ் ஹைன்." நீங்கள் நோயாளி.

"சீனியர் மரீஸ்" என்றார்.

'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. "அலாட்மென்ட் ஆயிட்டு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரத்தில் ஈரம் இருந்தது. கை மரத்திருந்ததை மறந்து, வலியால் என்று அப்போது எடுத்துக்கொண்டேன். சில நாள் கழித்து அறுந்த கட்டுகளைத் தைத்து, எலும்புகள் மறுபடி விலகாமல் இருக்கக் கம்பி வைத்துப் பிணைத்தார்கள்.

கை பிழைத்தது. தட்டு, பேனா, செய்தித்தாள், கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றுக்கும் போதுமான கை. மாதங்கள் கழித்து அவர் அந்தத் தர்ம மருத்துவமனைக்குப் போனார். ஊசி பிடிக்கும் கருவியைக் கையில் எடுத்து, நூலை இழுத்துப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் தட்டில் திரும்ப வைத்தார். என்னிடம் அதை அவரே சொன்னார். "நூல் விரல்ல இருக்கா இல்லையான்னு கண்ணால பாத்தாத்தான் தெரியுது. கண்ணால பாத்துச் செய்யுத சர்ஜன் இருக்காங்க. நான் கையால பாக்குத ஆளு." அதோடு அறுவை சிகிச்சையை விட்டார். யாரும் விடச் சொல்லவில்லை. வெளி நோயாளிகளை மட்டும் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, இழுப்பறைச் சாமான்களை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அங்கே கொண்டுபோனார்.

ஒவ்வொரு புதன்கிழமையும் என் அறைக்கு வருவார். விளக்கைப் போடுவார். கண்ணை மூடி வலது கையை நீட்டுவார். நான் எதையாவது வைக்க வேண்டும். பேனா மூடியைத் திருகாணி என்பார். வேர்க்கடலையைக் கோலிக்குண்டு என்பார். தப்பானால் குற்றம் என்னுடையது. "உங்க கை ஐஸ் மாதிரி இருக்கு, அதான் எனக்குத் தெரியல" என்பார். போகப் போகப் பதில்கள் சரியாக வரத் தொடங்கின. கடைசியாக நடுவிரல்நுனி மட்டும் பாக்கி. ஒருநாள் அழிப்பானை எடுத்து, வைக்கப் போன நேரத்தில் மனம் மாறி, எதையும் வைக்காமல் நின்றேன். அவர் விரல்களை உரசினார். முகத்தில் பழைய கவனம். அந்த நடைபாதை அவருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சாவி என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"ஒண்ணுமில்ல" என்றார்.

"சரி சார்."

கண்ணைத் திறந்தார். "நெசமாவா?"

அன்று மாலை சிவகாமி அம்மாள் எங்கள் வீட்டுக்கு ஒரு கிண்ணத்தில் அல்வா கொண்டுவந்தார். என்ன விசேஷம் என்று என் கணவர் கேட்டதற்கு, முகம் கொள்ளாத சிரிப்போடு, "அவுகளுக்குக் கையில ஒண்ணுமில்லையாம்" என்றார். என் கணவர் கணக்குத் தணிக்கைத் துறையில் இருப்பவர். அல்வாவை வாங்கிக்கொண்டு அனுதாபம் தெரிவித்தார்.

பரீட்சை முடிந்துவிட்டதால் வருவதை நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. ஒவ்வொரு புதன்கிழமையும், போகும்முன் கடைசிப் பேச்சாக, "டைப் த்ரீ" என்பார். நான் "ஃபோர் சார்" என்பேன். கடைசிப் புதன்கிழமையும் அப்படித்தான் நடந்தது. அதற்குமேல் விசேஷமாக எதுவும் சொல்லவில்லை. கடைசிப் பேச்சு என்று தெரிந்திருந்தால் இரண்டு பேரும் இன்னும் பொருத்தமாக எதையாவது தேடியிருப்போம், நன்றாக இருந்திருக்காது.

காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று அவருடைய பக்கவாட்டுப் படத்தைத் திரையில் திறந்தேன். நான் எழுதிய முடிவு நான்காம் படி. இத்தனை காலமும் எனக்கு அதில் சந்தேகம் வந்ததில்லை. சந்தேகப்படும் வேலையை எதிரே நின்று அவர் பார்த்துக்கொண்டார். இப்போது பெரிதாக்கிப் பார்த்தால், பிறையின் ஓரம் முன்கை எலும்பின் விளிம்பைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறது. வாசற்படி என்று சொல்ல இடமிருக்கிறது. எழுதியதை மாற்றப் போவதில்லை. மறுக்க ஆளில்லை என்பதால் மாற்றினால் அவரே கேவலமாக நினைப்பார். ஆனால் அவருடைய கட்சியை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் சொத்தில் எனக்கு வந்த பங்கு அதுதான். இதுவரை ஒரு கோணத்தை அவர் பார்த்தார், ஒரு கோணத்தை நான் பார்த்தேன். இனி இரண்டையும் நான்தான் பார்க்க வேண்டும்.

"டைப் த்ரீயாகவும் இருக்கலாம்" என்று வாய்விட்டே சொன்னேன். அறையில் யாரும் இல்லை. படத்தை மூடிவிட்டு எழுந்தேன். போகும்போது விளக்கைப் போட்டுவிட்டுப் போனேன்.